நோயாளியருகே இருந்தபடியே ஓர் உயர்வு

மூன்று வருட டிப்ளோமா முடித்து அரச வைத்தியசாலையில் கடமையேற்கும் தாதிய உத்தியோகத்தருக்குப் படிக்க வழியில்லாமல் இல்லை. வேலை செய்துகொண்டே திறந்த பல்கலைக்கழகத்தில் தாதியியல் பட்டம் பெறலாம். தீவிர சிகிச்சையிலோ சத்திரசிகிச்சைக் கூடத்திலோ அனுபவம் சேர்க்கலாம். ஆனால் பதவி உயர்வு என்று வரும்போது பாதை குறுகிவிடுகிறது. கொழும்புக்குப் போய் விடுதி முகாமைத்துவம் பயின்று, பொறுப்புத் தாதியாகி, பின் மேட்ரனாக வேண்டும். இல்லாவிட்டால் தாதியர் கல்லூரியில் கற்பிக்கப் போக வேண்டும். மிகத் திறமையானவரை நோயாளியிடமிருந்து பிரித்துக் கோப்புகளிடம் சேர்ப்பதுதான் உயர்வு என்றால், அந்த ஏற்பாடு அம்பாறை மாவட்டத்தின் கல்முனைக் கரைக்கு உதவாது. இங்கே தேவைப்படுவது கைத்திறனுக்கே தரமும் சம்பளமும் தரும் சிறப்புத் துறைப் பாதை.

சீனி வருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். இலங்கையில் வளர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு இருப்பதை 2018–2019 காலத் தேசிய ஆய்வு காட்டியது. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் வெறுங்காலோடு கரைவலை இழுப்பவருக்குப் பாதம் மரத்துப்போயிருந்தால், சிப்பி கிழித்ததே தெரியாது. புண் அழுகிய பிறகுதான் வைத்தியசாலைக்கு வருவார். இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் வேண்டாம். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையை உள்ளங்காலில் இடம் மாற்றி வைத்து, கண்ணை மூடியிருப்பவரிடம் "தெரியுதா வாப்பா?" என்று கேட்கத் தெரிந்த தாதி போதும். நோன்பு காலத்தில் வைத்தியர் மாற்றிக்கொடுத்த இன்சுலின் அளவை ஸஹருக்கும் நோன்பு திறப்பதற்கும் பொருத்தி வீட்டாருக்கு விளங்கவைப்பதும், சீனி இறங்கினால் நோன்பை விட்டுவிடச் சொல்வதும் அதே தாதியின் வேலை.

ஆளே போதாதபோது யாரைப் பயிற்சிக்கு அனுப்புவது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சிறு பிள்ளைகளின் தாய் மாதக்கணக்கில் கொழும்பில் தங்கவும் முடியாது. ஆகவே பயிற்சி இங்கே வரட்டும். அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் கல்முனை வடக்கு வைத்தியசாலையும் ஒரே ஊரில்தானே இருக்கின்றன, சேர்ந்து நடத்தலாம். 9 ஐரோப்பிய நாடுகளின் 300 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் லான்செட் வெளியிட்ட ஆய்வில், பட்டதாரித் தாதியர் பங்கு 10 சதவீதம் கூடிய இடங்களில் சத்திரசிகிச்சை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைவாக இருந்தது. ஐரோப்பா வேறு, அம்பாறை வேறுதான். ஆனாலும் தாதியின் படிப்புக்கும் நோயாளியின் உயிருக்கும் உள்ள தொடர்பு கடல் தாண்டினால் அறுந்துவிடாது.

பயிற்சி கொடுத்தால் வளைகுடாவுக்குப் போய்விடுவார்கள் என்பது அடுத்த அச்சம். பயிற்சி கொடுக்காதபோதும் போனார்கள். 2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர் ஐந்து வருடம்வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு செல்ல அரசே வழிவிட்டது. இருப்பவர்களையாவது தக்கவைக்க வேண்டும். புண் பராமரிப்பில் தேர்ந்தவரை அடுத்த இடமாற்றத்தில் வேறு பிரிவுக்குத் தூக்கிப்போடக் கூடாது என்ற விதிக்குப் பணம்கூடத் தேவையில்லை. சுகாதார அமைச்சு அதிலிருந்தே தொடங்கலாம்.