குட்டி உலகங்கள் – 17: இழுப்பறைக்குள் ஒரு கோடை

போன வாரம் ஆம்ஸ்டர்டாமில் நிறுத்தினேன். பெட்ரொனெல்லா ஊர்ட்மன், ஆமையோடு பதித்த அலமாரி, கால்வாயோரத்து நிஜ வீட்டின் விலைக்கு ஒரு பொம்மை வீடு. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இவ்வளவு போதும்; மற்றவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளலாம். பொம்மை வீட்டுக்குள் தண்ணீர்க் குழாயும் மின்விளக்கும் நுழைந்த கதையை இந்த வாரம் சொல்வதாக வாக்கு கொடுத்திருந்தேன். அதற்கு இங்கிலாந்து ராணி மேரியின் பொம்மை வீட்டை விட்டால் வேறு இடமில்லை. ஆனால் அந்த வீட்டின் பீடத்தில் ஓர் இழுப்பறை இருக்கிறது. அதை இழுத்தால் வெளியே வருவது தோட்டம். அதை வடிவமைத்தவர் கெர்ட்ரூட் ஜீகல். அந்தப் பெயரைப் பார்த்த பிறகு குழாயாவது, விளக்காவது.

வீட்டைப் பற்றிச் சுருக்கமாக. 1921-க்கும் 1924-க்கும் இடையில் உருவானது. கட்டடக் கலைஞர் எட்வின் லட்யன்ஸ். அப்போது புதுடெல்லியில் வைஸ்ராய் மாளிகையையும் எழுப்பிக்கொண்டிருந்த அதே லட்யன்ஸ். அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு: நிஜத்தில் ஓர் அடி என்றால் இங்கே ஓர் அங்குலம். மதுப் புட்டிகளில் நிஜ மது, நூலகத்தில் எழுத்தாளர்கள் தங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்த விரல்நுனிப் புத்தகங்கள். வாட்சனை வைத்து கோனன் டாயில் ஒரு குட்டிக் கதையே எழுதிக் கொடுத்தார். 1924 வெம்ப்ளி பொருட்காட்சியில் பதினாறு லட்சம் பேருக்கு மேல் வரிசையில் நின்று பார்த்தார்கள். இப்போது வின்ட்சர் கோட்டையில் இருக்கிறது.

ஜீகலைப் பற்றி மட்டும் சுருக்கமாகச் சொல்ல முடியாது. 1843-இல் பிறந்தவர், இந்தத் தோட்டத்துக்கு வரைபடம் போட்டபோது எண்பதை ஒட்டிய வயது. இளமையில் சவுத் கென்சிங்டன் கலைப்பள்ளியில் ஓவியம் படித்தார். எம்பிராய்டரி, வெள்ளி வேலை, மரச் செதுக்கு என்று கைபட்டதெல்லாம் வந்தது. கிட்டப்பார்வை மோசமாகிக்கொண்டே போனது. 1891-இல் ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரத்துக் கண் மருத்துவர், கண்ணுக்கு அருகில் வைத்துச் செய்யும் நுண்வேலை எதுவும் இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தூரிகையும் ஊசியும் போயின. மண்வெட்டி முழுநேரமாக வந்தது. சுமார் நானூறு தோட்டங்களுக்கு வரைபடம் போட்டார். நுண்வேலை தடைசெய்யப்பட்ட ஒருவரிடம், முப்பது ஆண்டு கழித்து, இழுப்பறையில் அடங்கும் தோட்டத்தைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் லட்யன்ஸ். 1889-இல் அவர் இருபது வயதுப் பையனாக ஜீகலைச் சந்தித்ததில் தொடங்கிய நட்பு அது. இன்னொரு கிளைக்கதையையும் சொல்லிவிடுகிறேன். 1920-இல் ஜீகலின் உருவப்படத்தை வரைய வில்லியம் நிக்கல்சனை ஏற்பாடு செய்தவரும் லட்யன்ஸ்தான். வெளிச்சம் இருக்கும் நேரத்தைத் தோட்டத்திலிருந்து எடுத்து ஓவியருக்குக் கொடுக்க ஜீகலுக்கு மனமில்லை. விளக்கு வைத்த பிறகுதான் உட்கார்ந்தார். பகலில் சும்மா இருந்த நிக்கல்சன், அவருடைய தோட்ட பூட்ஸ் ஜோடியை வரைந்தார். தேய்ந்து வாய்பிளந்த அந்த பூட்ஸ் படம் இன்று உருவப்படத்துக்குச் சமமாகப் புகழ்பெற்றிருக்கிறது. (ஆம், ஸ்டீவன்சனின் டாக்டர் ஜெகில் இந்தக் குடும்பப் பெயர்தான். ஜீகலின் தம்பி வால்ட்டர், ஸ்டீவன்சனுக்கு நண்பர்.)

இந்த நியமனத்தில் ஒரு முரண் இருக்கிறது. கண்பார்வையைவிடப் பெரிய முரண் அது. வீட்டைச் சுருக்கலாம், தோட்டத்தைச் சுருக்க முடியாது என்பது என் கட்சி. நாற்காலியைப் பன்னிரண்டில் ஒரு பங்காக்கினாலும் அது நாற்காலிதான். கால் நான்கும் முதுகும் இருந்தால் அதன் சாரம் முழுதாக வந்துவிடுகிறது. தோட்டத்தின் சாரம் அதன் உருவத்தில் இல்லை, முறைவைத்து மாறும் வரிசையில் இருக்கிறது. எது எப்போது மலர்கிறது, எது வாடிய இடத்தை எது பிடிக்கிறது என்பதுதான் தோட்டம். அடிக்கு அங்குலம் என்று சொல்லலாம். ஆடி மாதத்துக்கு எத்தனை அங்குலம்? இதை ஜீகல் அளவுக்கு அறிந்தவர்கள் அந்தக் காலத்தில் வேறு யாரும் இல்லை. அவருடைய கலை முழுவதுமே காலத்தை நிர்வகிக்கும் கலை. அவரைக் கூப்பிட்டுத்தான் காலமே இல்லாத ஒரு தோட்டத்தைப் போடச் சொன்னார்கள்.

சர்ரே மாவட்டத்தில் மன்ஸ்டெட் வுட் என்ற அவர் வீட்டிலிருந்த பெரிய பூப்பாத்தியே இதற்குச் சான்று. 200 அடி நீளம், 14 அடி அகலம். இரண்டு முனைகளிலும் நீலம், வெள்ளை, இளமஞ்சள், சாம்பல் நிற இலைகள், நடுவை நெருங்க நெருங்க ஆரஞ்சு, நடுவில் தீச்சிவப்பு. இதுவரை இது ஓவியரின் வேலை. ஒரு பொம்மை வீட்டின் வரவேற்பறைக்கும் இப்படி நிறம் அடுக்கலாம். ஆனால் அந்தப் பாத்தி ஜூலை நடுவிலிருந்து அக்டோபர் வரை வெறிச்சோடாமல் நிற்க வேண்டும், தனித்தனிச் செடிகளோ சில வாரங்களே பூக்கும். முன்கோடையில் பூத்து முடிக்கும் பாப்பி, இலையும் காய்ந்து ஒரு பள்ளத்தை விட்டுப் போகும். அதற்குப் பக்கத்திலேயே ஜிப்சோஃபிலாவை நட்டிருப்பார். நம்மூர் பூங்கொத்துகளில் நுரை மாதிரி நிரப்புகிறார்களே, அதே வெள்ளைப் பொடிப்பூ. அது பொங்கிப் பள்ளத்தை மூடும். அதுவும் காய்ந்து பழுப்பாகும் நேரத்தில் நாஸ்டர்டியம் கொடி அதன்மேல் ஏறியிருக்கும். டெல்ஃபினியத்தின் நீலக் கதிர்கள் முடிந்ததும் தண்டை அடியோடு வெட்டமாட்டார்; பாதியில் வெட்டுவார். பின்னால் நட்ட வெள்ளைப் பட்டாணிக் கொடிக்கு அந்தத் தட்டைதான் பந்தல். பட்டாணிப் பூ ஓய்ந்ததும் கிளமாட்டிஸ் கொடியை அதன்மேல் இழுத்துவிடுவார். அதற்குப் பிறகு இன்னொரு வகைக் கிளமாட்டிஸ். ஒரே சதுர அடியில் ஒரே கோடையில் நான்கு தோட்டம். அந்தப் பட்டாணிக் கொடி ஊன்றி நிற்கவே சில ஆண்டுகள் ஆகும். ஆகஸ்ட் மாதத்து ஒரு வெள்ளைப் பூவுக்கான முடிவை அவர் சில ஆண்டுகளுக்கு முன்பே எடுத்திருக்க வேண்டும்.

இப்போது இழுப்பறையைப் பாருங்கள். புல்தரை பச்சை வெல்வெட். ஓர் அங்குலப் புல்லைப் பன்னிரண்டால் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டர். வெல்வெட்டின் பஞ்சு ஏறக்குறைய அவ்வளவுதான், நல்ல தேர்வு. பூக்கள் உலோகத்தில் செய்து நிறம் தீட்டியவை. ஐரிஸ், ரோஜா, லில்லி, இனிப்புப் பட்டாணிப் பூ எல்லாம் ஒரே சமயத்தில் முழு மலர்ச்சியில் நிற்கின்றன. இங்கிலாந்தில் ஐரிஸ் கோடையின் வாசலில் முடிந்துவிடும். லில்லி அதன் நடுவில் வரும். மன்ஸ்டெட் வுட்டில் இவற்றை ஒரே வாரத்தில் பார்க்க ஜீகலாலும் முடியாது. இது ஒரு பருவம் அல்ல, பருவங்களின் தொகுப்பு. பொம்மை வீடுகள் செழித்த அதே ஆம்ஸ்டர்டாமில் ரேச்சல் ரூய்ஷ் போன்ற ஓவியர்கள் செய்ததும் இதைத்தான். வசந்தத்து டூலிப்பையும் கோடை ரோஜாவையும் ஒரே ஜாடியில் வரைந்தார்கள். திரைச்சீலையில் அது குறையாகத் தெரிவதில்லை, ஏனென்றால் ஓவியத்திலிருந்து யாரும் அடுத்த வாரத்தை எதிர்பார்ப்பதில்லை.

மறுப்புகள் வரும், தெரியும். முதல் மறுப்பு போன்சாய்: உயிருள்ள மரத்தையே தொட்டியில் அடக்கிவிட்டார்களே? அடக்கினார்கள், பாதியளவு. கிளையும் தண்டும் சுருங்கும், இலையும் ஓரளவு சிறுக்கும். பூவும் பழமும் அடங்காது. ஒன்றரை அடி மாதுளை போன்சாயில் தொங்குவது கிட்டத்தட்ட முழு அளவுப் பழம்தான். உருவத்தைக் கத்தரி கட்டுப்படுத்தலாம்; இனப்பெருக்கத்துக்கான உறுப்பில் செடி சமரசம் செய்துகொள்ளாது. அதைவிட முக்கியம், போன்சாயின் பெருமை அதன் வயதுதான். காலத்தைக் கழற்றிவிட்டால் அது வெறும் குட்டை மரம்.

நம்மூர்க் கொலுவும் இதற்குச் சாட்சி. படிகளுக்குக் கீழே பார்க் அமைக்கும் வீடுகளில், மண் பரப்பி, சில நாள் முன்னதாகக் கடுகோ கேழ்வரகோ வெந்தயமோ தூவிவிடுவார்கள். முதல் நாள் அது கச்சிதமான புல்தரை. நான்காம் நாள் ஆறங்குலச் செட்டியாருக்கு முழங்கால் அளவு. சரஸ்வதி பூஜைக்குள் அவர் இடுப்பளவு காட்டில் கடை போட்டிருப்பார். முளை வெளிறிச் சாய்ந்திருக்கும். கத்தரிக்கோல் வரும், இல்லாவிட்டால் புதிதாகத் தூவ வேண்டும். பொம்மை ஒன்பது நாளும் அசையாது. புல் ஒரு நாளும் சும்மா இருக்காது. இதே முளையை முளைப்பாரியில் வைத்துப் பாருங்கள். அங்கே எவ்வளவு உயரமாக வளர்கிறதோ அவ்வளவு சந்தோஷம், ஏனென்றால் அங்கே வளர்ச்சிதான் வேண்டுதல். செடி ஒன்றே, அளவுகோல் வைத்த இடத்தில் மட்டும் அதன் வளர்ச்சி தொல்லையாகிறது.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது: பொம்மை வீடும் மாறுகிறதே? நியூயார்க்கின் கேரி ஸ்டெட்ஹைமர் 1916-இல் தொடங்கி 1935 வரை ஒரே பொம்மை வீட்டைச் செய்துகொண்டிருந்தார். திரையை மாற்றுவதும் சாமானை நகர்த்துவதும் தோட்ட வேலை மாதிரிதானே? இல்லை என்பேன். அங்கே நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் வீட்டுக்காரியின் விருப்பம். ஒரு மாதம் கவனிக்காமல் விட்டால் பொம்மை வீட்டில் தூசு படியும். துடைத்தால் பழைய வீடு. கோடையில் ஒரு மாதம் கவனிக்காமல் விட்ட பூந்தோட்டத்தைத் துடைத்து மீட்க முடியாது, திரும்பி வரும்போது அது வேறு தோட்டம். வீட்டு மாடியில் மல்லிகை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சித்திரை வெயிலில் கூடை கூடையாகப் பூக்க வேண்டுமானால் நவம்பர் கடைசியிலேயே கவாத்து செய்திருக்க வேண்டும். அலங்காரம் என்பது இன்று பார்க்க இன்று வைப்பது. அதையும் தோட்டம் பேணுவதையும் ஒரே பொழுதுபோக்கின் இரண்டு பக்கங்கள் என்று பத்திரிகைகள் எழுதுவதில் எனக்கு உடன்பாடில்லை.

டெல்லியையும் ஒருவர் காட்டலாம். லட்யன்ஸ் வைஸ்ராய் மாளிகைக்குப் பின்னால் அமைத்த தோட்டம், இன்றைய அம்ரித் உத்யான், பிப்ரவரி மார்ச்சில் உச்ச மலர்ச்சியில் இருக்கும்போது கூட்டம் கூட்டமாக மக்கள் போய்ப் பார்க்கிறார்கள். அதுவும் உறைய வைத்த ஒரு கணம்தானே? பார்க்கிறவர்களுக்கு வேண்டுமானால் அப்படி. அந்தச் சில வாரங்களுக்காக விதைப்பும் நாற்றும் நடவுமாக மாதக்கணக்கில் வேலை நடக்கிறது. வெயில் முந்திக்கொண்டால் அத்தனையும் முன்னதாகவே கருகும். சிகாகோ கலைக் கூடத்தில் இருக்கும் 68 தார்ன் அறைகள் இந்தச் சிக்கலைப் புத்திசாலித்தனமாகத் தாண்டிவிட்டன. அங்கே பல அறைகளில் தோட்டம் ஜன்னலுக்கும் கதவுக்கும் வெளியே மட்டும், ஒரு குறிப்பிட்ட வேளையின் வெளிச்சத்தில் தெரியும். எட்டிப் பார்க்க மட்டுமே தோட்டம். இறங்கி நடக்க இல்லை. நேர்மையான தீர்வு என்று நினைக்கிறேன்.

அப்படியானால் ஜீகல் ஏன் ஒப்புக்கொண்டார்? லட்யன்ஸ் கேட்டதற்காக என்பது ஒரு பதில். அவருடைய கலையில் பாதி, அதாவது நிறமும் கட்டமைப்பும், சுருக்கினாலும் பிழைத்திருக்கும் என்பது இன்னொன்று. தாழ்ந்த வேலிச்செடி, பாதைகளின் கோடு, பூக்களின் திரள் எல்லாம் இழுப்பறையில் சரியாகவே நிற்கின்றன. அங்கே நத்தையும் பட்டாம்பூச்சியும் உண்டு. எனக்கு அந்த நத்தைமேல்தான் கண். நிஜத் தோட்டத்தில் ஒரே இரவில் டெல்ஃபினியத்தின் குருத்தைத் தின்று தீர்க்கும் எதிரி அது. இங்கே பசியில்லாத நத்தை, ஆகவே அலங்காரம். இழுப்பறைக்கு மேலே, வீட்டின் நுழைவுக் கூடத்துச் சுவரில், அதே நிக்கல்சன் இன்னொரு தோட்டத்தை வரைந்திருக்கிறார்: ஆதாமும் ஏவாளும் வெளியேற்றப்படும் ஏதேன். ஒரே வீட்டில் இரண்டு தோட்டம், இரண்டிலும் யாரும் களை பறிக்கத் தேவையில்லை.

குழாய் அடுத்த வாரம். தண்ணீர் உலோகப் பூ மாதிரி அடங்கிப் போகாது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ராணி மேரியின் குளியலறைக் குழாயில் நிஜத் தண்ணீர் வரும். ஆனால் குழாயைச் சுருக்கியவர்களால் துளியைச் சுருக்க முடியவில்லை. அந்த வீட்டின் அளவுக்கு ஒவ்வொரு துளியும் ஓர் எலுமிச்சம்பழம். மின்விளக்குக்கு அதே இதழில் இடம் கிடைக்குமா என்பது ஆசிரியர் கையில்.