வசூலுக்குப் போகும் பிள்ளையும் சாலையும்

நமது சங்க உறுப்பினர்களில் இருசக்கர வண்டி இல்லாத கடை இன்று ஒன்றுகூட இராது. எங்கள் தகப்பனார் காலத்தில் வசூல் சைக்கிளில்தான். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தபின் மதுரை கீழமாசி வீதியில் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. முன்னால் சீனி மூட்டை, பின்னால் பருப்புச் சிப்பம், நடுவில் ஓட்டுகிறவர் என்று போவதை நாம் தினமும் பார்க்கிறோம். மூட்டைக்கு எடை பார்க்கிறோம், ரொக்கத்துக்குக் கணக்குப் பார்க்கிறோம். ஓட்டுகிறவரைப் பற்றி எங்கள் கடை எப்போது யோசிக்கத் தொடங்கியது என்பதை வியாபாரப் பெருமக்களிடம் மறைக்காமல் சொல்ல விரும்புகிறோம்.

2018 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பு எங்கள் வசூல் பிள்ளை தெற்குவெளி வீதி வழியாகக் கடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். வேகம் முப்பதுக்கு மேல் இல்லை. ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் வலப்பக்கக் கதவு சட்டென்று திறந்தது. கதவின் முனை வண்டியின் கைப்பிடியில் பட, பிள்ளை நடுச்சாலையில் விழுந்தார். பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் மிதித்த மிதியில் சக்கரம் இரண்டு முழம் தள்ளி நின்றது. தோள்பட்டை எலும்பு முறிந்தது. ஹெல்மெட்டின் ஒரு பக்கம் துருவிய தேங்காய் மூடிபோல் தேய்ந்திருந்தது. அது மண்டையாக இருந்திருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை. காரிலிருந்து இறங்கியவர் "பார்க்கவில்லை" என்றார். கூட்டம் கூடியதும் காரோடு போய்விட்டார். நம்பரை யாரும் குறிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களைக் கண்டதும் பிள்ளை சொன்ன முதல் வார்த்தை, "அண்ணாச்சி, பணம் சரியா இருக்கு, எண்ணிக்கிடுங்க." கேட்டதும் கூசிப் போனோம். ஏனென்றால் அவர் விழுவதற்குச் சற்று முன்பு "எங்கே வர்றே" என்று இரண்டு முறை போன் அடித்தது நாங்கள்தான். முதல் முறை ஓட்டிக்கொண்டே பதில் சொன்னார். இரண்டாம் முறை எடுக்கவில்லை. ஆனாலும் சட்டைப் பையில் மணி அடித்துக்கொண்டிருக்கும்போது கண் முழுவதும் சாலையில் இருந்திருக்குமா?

கட்டுப் போட்டு வீட்டில் இருந்த இரண்டு மாதத்தில் அவரோடு நிறையப் பேசினோம். பன்னிரண்டு வருடம் லைன் போனவர். தவறு செய்கிறவன் எப்படிச் செய்வான் என்று அவருக்குத் தெரிந்த அளவு நமக்குத் தெரியாது. "எதிரே வர்றவன் நம்மைப் பார்க்கலைன்னு வச்சுக்கிட்டுத்தான் ஓட்டணும் அண்ணாச்சி" என்றார். ஆட்டோ எங்கே நிற்கும் என்பதற்கு ஆட்டோவைப் பார்க்கக்கூடாதாம், ஓரத்தில் கை தூக்குகிற ஆளைப் பார்க்க வேண்டுமாம். அந்தக் கை எழுந்தால் ஆட்டோ சிக்னல் இல்லாமல் இடப்பக்கம் வெட்டும். நிறுத்தத்தில் நிற்கிற பஸ்ஸுக்கு இடப்புறம் சந்து கிடைத்தாலும் நுழையக்கூடாது, படியிலிருந்து ஆள் குதிப்பான். லாரி டிரைவரின் முகம் அவர் கண்ணாடியில் நமக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் நாம் தெரியமாட்டோம். நிற்கிற கார் வரிசையை ஒட்டிப் போகாமல் ஒரு கதவு அகலம் விலகிப் போக வேண்டும். பின் கண்ணாடி வழியாக உள்ளே தலை தெரிந்தால் கதவு திறக்கும் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும். நான்கு வழிச்சாலையில் நம் பக்கமே எதிரே வருகிறவர்கள் உண்டு. அடுத்த திருப்பம்வரை போய் வர அவர்களுக்குச் சோம்பல்.

நாங்களும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 11 மீட்டர், அதாவது 36 அடி போகிறது. நமது வீதியில் மூன்று கடை முகப்பு. கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிப்பதற்குள் மூன்று கடை தாண்டிவிடும். முன்னால் ஐம்பது கிலோ மூட்டை இருந்தால் பிரேக் பிடித்தபின்னும் வண்டி எளிதில் நிற்காது. பின்னால் ஏற்றும் சிப்பம் சிவப்பு விளக்கை மறைத்தால், பின்னால் வருகிறவன் மேல் குற்றம் சொல்லி என்ன பயன்? பகலிலும் முன்விளக்கு எரிகிறதே, வீண் என்று சிலர் கையாட்டிச் சொல்கிறார்கள். 2017 ஏப்ரல் முதல் புதிய இருசக்கர வண்டிகளில் அது எப்போதும் எரியும்படிதான் வருகிறது. எதிரே வருகிறவர் கண்ணில் படுவதற்குத்தான் அந்த ஏற்பாடு.

இன்சூரன்ஸ் விஷயத்தில் எங்களுக்கு விழுந்த அடியைச் சொல்லாமல் விடக்கூடாது. கடை வண்டிக்கு வருடம் தவறாமல் பிரீமியம் கட்டுகிறோம், பிள்ளைக்கும் அதில் பாதுகாப்பு இருக்கும் என்றே நம்பியிருந்தோம். பாலிசியைப் பிரித்துப் படித்தபோதுதான், அதிலுள்ள தனிநபர் விபத்துக் காப்பு வண்டியின் சொந்தக்காரர் ஓட்டும்போது அவருக்கு மட்டும் உரியது என்று தெரிந்தது. இன்று அந்தத் தொகை 15 லட்சம். அதுவும் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். சம்பளத்துக்கு ஓட்டுகிறவருக்குத் தனியாகக் கேட்டுத்தான் சேர்க்க வேண்டும், தானாக வராது. அன்று செலவை நாங்கள் ஏற்றோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, இடித்த கார் யாருடையது என்றே தெரியாதபோது வேறு யாரிடம் கேட்பது? கீழே விழுந்தவரைத் தூக்குகிற நேரத்திலேயே ஒருவர் நம்பரைக் குறிக்க வேண்டும் என்று அப்போது புரிந்தது. உதவினால் வம்பு வரும் என்ற பயமும் இனி வேண்டாம். 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் உதவுகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகவே வந்தது.

இவ்வளவும் பேசிய எங்கள் யோக்கியதை மறு வருடமே தெரிந்தது. எங்கள் கடை வாசலில் சரக்கு இறக்க நின்ற வேனின் பின்பலகையை ஆட்கள் வீதிக்குள் நீட்டித் திறந்துவைத்திருந்தார்கள். மாலை நேரம், சிவப்புத் துணிகூடக் கட்டவில்லை. ஸ்கூட்டரில் வந்த பெண்மணி ஒருவர் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பித் தப்பினார். வண்டியை நிறுத்தி அவர் எங்களைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது, எல்லாம் நியாயமான கேள்விகள். அன்று முதல் சரக்கு இறக்கும்போது ஒரு ஆள் வீதிப் பக்கம் நிற்கிறார். காரில் வரும் நமது உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஓட்டுகிற இருக்கையிலிருந்து இறங்கும்போது வலது கதவை இடது கையால் திறந்து பாருங்கள். உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருகிறவன் கண்ணில் படுவான்.

லைன் போகிறவருக்குக் கடையிலிருந்து நாங்கள் இப்போது போன் செய்வதில்லை. ஒவ்வொரு கடையிலும் இறங்கியபின் அவர்தான் கூப்பிட வேண்டும். வசூல் தள்ளிப்போனால் மறுநாள் ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறோம். மாதக் கடைசியில் வாய் நுனிவரை கோபம் வரும், அடக்கிக்கொள்கிறோம். தாடைப் பட்டி மாட்டாத ஹெல்மெட்டோடு யாரும் கடை வாசலைத் தாண்டக்கூடாது. ஹெல்மெட்டைக் கண்ணாடியில் தொங்கவிட்டு, போலீஸ் நிற்கிற முக்கில் மட்டும் தலையில் கவிழ்க்கிறவர் நம் வீதியில் இன்னும் இருக்கிறார்கள்.

தோள் கூடியபின் அதே பிள்ளை உசிலம்பட்டி லைனுக்கு மறுபடி போகிறார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்குக் கிளம்பினால், செக்கானூரணிக் கடையிலிருந்து "இறங்கிட்டேன் அண்ணாச்சி" என்ற குரல் வரும்வரை பேரேட்டைப் பிரித்து வைத்திருப்போம், ஒரு வரியும் எழுத ஓடாது.