சபைக்கு அவமானம் என்று சொல்லாமல் விட்டவை

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரிப் பக்கத்துச் சபைகளில் ஞாயிறு ஆராதனைக்குப் போய் முன் வரிசைகளைப் பார்த்தால் தெரியும். நரைத்த தலைகள்தான் அதிகம். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ துபாயிலோ இருக்கிறார்கள். வீட்டில் இரண்டு பேர், பல வீடுகளில் ஒரே ஒருவர். இவர்களுக்காகத்தான் பல சேகரங்களில் முதியோர் ஐக்கியம் நடக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் இந்த வேலையைச் செய்கின்றன. ஒரு பாமாலை, ஒரு சிறு தியானம், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கையையும் காலையும் நீட்டி மடக்கும் உடற்பயிற்சி. சபையிலேயே ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் இருந்தால் பிரஷர் பார்த்து நோட்டில் குறித்துவைப்பார். பிறகு டீயும் சுண்டலும். படுக்கையில் இருப்பவருக்கு வீட்டுக்கே திருவிருந்து போகும்.

இது சின்ன விஷயமில்லை. தனிமையால் உலகத்தில் ஆண்டுக்கு 8 லட்சத்து 71 ஆயிரம் பேர் சாகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் கணக்கிட்டுச் சொன்னது. "போன வாரம் ஏன் வரல?" என்று கேட்க ஒரு ஆள் இருப்பதே பெரிய மருந்து. எந்த அரசுத் திட்டமும் அந்தக் கேள்வியை வாரம் தவறாமல் கேட்பதில்லை.

ஆனால் வங்கி மேலாளரைச் சந்தேகப்படும் ஒரு பாட்டி, ஜெபக்கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவரைச் சந்தேகப்பட மாட்டார். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொள்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்திலேயே தப்பு செய்பவர்களும் உண்டு. இரண்டிலும் நஷ்டம் வந்தபின் பெரும்பாலும் நடப்பது ஒன்றுதான்: "வெளிய தெரிஞ்சா சபைக்கு அவமானம்" என்று மூடிவைப்பது. எனக்கு எல்லாவற்றையும்விட இதுதான் பெரிய ஆபத்தாகப் படுகிறது.

உடம்பிலிருந்து தொடங்கலாம். லெந்து காலம் வந்துவிட்டால் உபவாச ஜெபம் தொடங்கிவிடும். வெள்ளிக்கிழமைதோறும் நடத்தும் சபைகளும் இருக்கின்றன. காலையில் வெறும் வயிற்றில் வந்து மதியம் இரண்டு மணிவரை உட்காருவார்கள். எழுபது வயதில் சர்க்கரைக்கு கிளிமிபிரைட், கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர் வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டை மட்டும் விட்டால் சுகர் மளமளவென்று இறங்கும். இந்த மாத்திரைகள் சாப்பாடு வந்ததா இல்லையா என்று பார்ப்பதில்லை, கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். வயதில் சிறுநீரகம் மந்தமாகியிருந்தால் மருந்து உடம்பில் நெடுநேரம் தங்கும். இன்சுலின் ஊசி போடுபவருக்கும் இதே ஆபத்துதான். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு.

லோ சுகர் என்றால் கை நடுங்கும், படபடக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். முதியவர்களிடம் அப்படித்தான் வரும் என்று இல்லை. பேச்சு குழறலாம், ஆள் அடையாளம் தெரியாமல் விழிக்கலாம், சட்டென்று சரிந்து விழலாம். பிரஷருக்கு அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை எடுப்பவருக்கு நடுக்கமும் படபடப்பும் வெளியே தெரியாமலே போகும், வியர்வை மட்டும் கொட்டும். இப்போது இதை ஒரு எழுப்புதல் கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டு உச்சத்தில் இருக்கிறது, ஒரு அம்மா வியர்த்து ஊற்றிக் கீழே விழுகிறார். சுற்றியிருப்பவர்கள் ஆவியானவரின் அசைவு என்று கைதட்டினால் பத்து நிமிடம் போய்விடும். மூளைக்கு அந்தப் பத்து நிமிடம் விலை அதிகம்.

நினைவு இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து சுகர் பார்த்து, ஏறவில்லை என்றால் மறுபடி. தெளிந்ததும் அனுப்பிவிடக் கூடாது. மாத்திரையின் வேலை முடிந்திருக்காது, சாப்பிட வைத்து டாக்டரிடம் காட்ட வேண்டும். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழைப்பதுதான் வழி. கூட்டம் நடக்கும் அறையில் ஒரு குளுக்கோமீட்டரும் ஒரு டப்பா சர்க்கரையும் இருப்பது ஒலிபெருக்கியைவிட அவசியம் என்பேன்.

உபவாசம் இருந்தே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் கத்தோலிக்கப் பெரியவர்களுக்கு ஒன்று. திருச்சபைச் சட்டமே உண்ணாநோன்பை 18 வயதில் தொடங்கி 60-வது வயது தொடங்கும்வரைதான் கடமையாக்குகிறது, அதுவும் சாம்பல் புதனுக்கும் பெரிய வெள்ளிக்கும். 59 நிறைந்தவரை அது கட்டாயப்படுத்துவதில்லை. மற்ற சபையினரும் உபவாசத்துக்கு ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரை அளவை மாற்றிக்கொள்ளலாம். தானாக நிறுத்துவதும் தப்பு, தானாகத் தொடர்வதும் தப்பு.

குணமளிக்கும் ஜெபத்தைப் பற்றிப் பேசினால் சிலருக்குக் கோபம் வரும். ஜெபம் எல்லாருடைய உரிமை. அரசியல் சாசனத்தின் 25-வது பிரிவு அதைக் காக்கிறது, அதே வரியில் சுகாதாரத்துக்கு உட்பட்டு என்றும் சேர்த்தே சொல்கிறது. "பாட்டி, ஜெபிச்சாச்சுல்ல, இனி ஊசி எதுக்கு? அது அவிசுவாசம்" என்று ஒருவர் சொல்லும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இன்சுலினை, வலிப்பு மாத்திரையை, ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமலிருக்க எடுக்கும் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. இப்படிச் சொல்பவர் பெரும்பாலும் சேகரத்துப் போதகராக இருப்பதில்லை. ஊர் ஊராகப் போகும் ஊழியக்காரரும், வாட்ஸ்அப்பில் சாட்சி அனுப்புபவரும்தான் அதிகம்.

எண்ணெய், மூலிகை, ஜெபித்த தண்ணீர் என்று விற்று, இது சர்க்கரையை, புற்றுநோயை, பார்வைக் குறையைக் குணமாக்கும் என்று நோட்டீஸ் அடித்தால் அது சட்டத்துக்கு எதிரானது. மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் (ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள்) சட்டம் 1954-லேயே வந்துவிட்டது. தாயத்து, மந்திரம், கவசம் எல்லாம் அதன் வரையறைக்குள் வருகின்றன. அந்த நோட்டீஸைக் கிழித்துப் போடாமல் எடுத்துவைத்து, மருந்து ஆய்வாளரிடமோ காவல் நிலையத்திலோ எழுத்தில் கொடுங்கள்.

சபை வளாகத்தில் நடக்கும் இலவச மருத்துவ முகாம் நல்லதுதான். எந்த மருத்துவமனை நடத்துகிறது, பிரச்சினை என்றால் யாரைக் கேட்பது என்பதை மட்டும் ஒரு தாளில் வாங்கிவையுங்கள். கண்புரை அறுவைக்கு அன்றைக்கே பஸ்ஸில் ஏற்றுகிறார்கள் என்றால் வீட்டாருக்குத் தெரியாமல் ஏறக் கூடாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்பது உரிமை. ஆதார் நகல் கேட்டால் முதல் எட்டு எண்கள் மறைந்த நகலைக் கொடுங்கள். பிரஷர் பார்க்கக் கைரேகை தேவையே இல்லை.

அடுத்தது பணம். சபையில் எல்லாரும் "அண்ணாச்சி" என்று கூப்பிடும் ஒருவர் சிட்டு நடத்துவார். நூற்றுக்கு மூன்று வட்டி என்று டெபாசிட்டும் வாங்குவார். பாடகர் குழுவில் முன்னால் நிற்பார், அசனப் பண்டிகைக்கு அரிசி மூட்டை கொடுப்பார். ஓய்வூதியப் பணத்தை அவரிடம் கொடுக்க இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும் என்று தோன்றும். பதிவு செய்யாத சிட்டு 1982-ம் ஆண்டின் சிட் ஃபண்ட்ஸ் சட்டப்படி குற்றம். ஒழுங்குமுறைக்கு உட்படாத டெபாசிட் வாங்குவதை 2019-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 1997 முதல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது, புகார் போக வேண்டிய இடம் பொருளாதாரக் குற்றப் பிரிவு. கையெழுத்திட்ட சின்ன டைரிச் சீட்டாக இருந்தாலும் அது சாட்சிதான், தூக்கிப் போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பாஸ்டர் என்று பேஸ்புக்கில் அறிமுகமாகி, அனாதை இல்லத்துக்குப் பார்சல் அனுப்பியிருக்கிறேன், கஸ்டம்ஸில் நிற்கிறது, வரி கட்டுங்கள் என்பதும் நடக்கிறது. பணம் போய்விட்டது என்று தெரிந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாண்டும் முன் முடக்க வாய்ப்பு உண்டு. பிள்ளைகள் திட்டுவார்களே என்று இரண்டு நாள் யோசிப்பவர்கள்தான் மொத்தமாக இழக்கிறார்கள்.

காணிக்கைக்கு ரசீது கேட்பது அவமரியாதை இல்லை. ஒழுங்கான சேகரங்களில் ரசீதுப் புத்தகம் எப்போதும் உண்டு. ஜிபேயில் தனி ஆளின் நம்பருக்குக் கேட்டால் சேகரத்தின் வங்கிக் கணக்குக்கே போடுகிறேன் என்று சொல்லுங்கள்.

சொத்து விஷயம் இதைவிடக் கனமானது. உயிலில் ஒரு பங்கைச் சபைக்கு எழுதுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவு முன்பு இதற்கு ஒரு கடிவாளம் போட்டிருந்தது. நெருங்கிய உறவு உள்ள கிறிஸ்தவர் மத, தர்ம காரியத்துக்குச் சொத்தை எழுதினால், சாவதற்குப் பன்னிரண்டு மாதம் முன்பே எழுதியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் அதைப் பாதுகாப்பில் ஒப்படைத்திருக்க வேண்டும். கிறிஸ்தவருக்கு மட்டும் ஏன் இந்தத் தடை என்று கேரளக் குருவானவர் ஜான் வல்லமட்டம் வழக்குப் போட்டார், 2003-ல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. சரியான தீர்ப்புதான். ஆனால் மரணப் படுக்கையில் எழுதி வாங்கப்படுவதற்கு எதிராக இருந்த ஒரு வேலியும் அதோடு போயிற்று. மிச்சமிருக்கும் வேலிகளைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

மோசடியாலோ மிரட்டலாலோ, மறுக்க முடியாதபடி நச்சரித்தோ எழுத வைத்த உயில் அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 61-வது பிரிவின்படி செல்லாது. இரண்டு சாட்சிகள் வேண்டும். பயன்பெறும் ஆளோ அவருடைய கணவனோ மனைவியோ சாட்சிக் கையெழுத்துப் போட்டால் கிறிஸ்தவர் எழுதிய உயிலில் அந்த ஆளுக்கான பங்கு செல்லாது. நல்ல மனதோடு மருமகள் சாட்சி போட்டு மகனின் பங்கையே கெடுத்துவிடும் அபாயம் இதில் இருக்கிறது. உயிலை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை.

செட்டில்மெண்ட் அப்படி இல்லை, எழுதிக் கொடுத்தால் உடனே சொத்து கைமாறிவிடும். அதனால்தான் மகனுக்கோ, மருமகனுக்கோ, கடைசிவரை பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லும் இல்லத்துக்கோ எழுதும்போது, உணவும் இருப்பிடமும் மருத்துவமும் தர வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம், 2007-ன் 23-வது பிரிவு, அப்படி எழுதி வாங்கியவர் பராமரிக்காவிட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி வைத்திருக்கிறது. அந்த நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் சொன்னது. 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில், இது முதியோர் நலனுக்கான சட்டம், தாராளமாகவே பொருள் கொள்ள வேண்டும் என்று ஒரு தாய்க்குச் சொத்தைத் திரும்பக் கொடுத்தது. ஒரு வரி எழுதிவிட்டால் இத்தனை வாதம் தேவைப்படாது.

ஆன்மிகத்தில் மேலான இடத்தில் இருப்பவர் அந்தச் செல்வாக்கால் சொத்தை வாங்கினாலும் செல்லாமல் போகலாம். 1890-லேயே அலகாபாத் உயர் நீதிமன்றத்தில், மறுமையில் ஆன்மாவுக்கு நல்லது கிடைக்கும் என்று குருவுக்கு மொத்தச் சொத்தையும் எழுதிய ஒரு முதியவரின் பத்திரம் தகாத செல்வாக்கு என்று ரத்தானது. அவர் இந்து, குருவும் இந்து. சட்டத்துக்கு அது பொருட்டல்ல.

பராமரிப்பு கேட்டு மனுப் போட வேண்டிய இடம் கோட்டாட்சியர் அலுவலகத்தில் உள்ள தீர்ப்பாயம். மாதம் பத்தாயிரம் ரூபாய்வரை உத்தரவிடலாம், தொண்ணூறு நாளில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். பிள்ளை இல்லாதவர், தன் சொத்தை வைத்திருக்கும் அல்லது பின்னால் அடையப்போகும் உறவினரிடமும் கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, 15100-ல் கேட்கலாம். என்ன செய்வதென்றே தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை.

இத்தனை வழி இருந்தும் மனு போகாததற்குக் காரணம், விசுவாசிகள் தங்களுக்குள் வழக்காடக் கூடாது என்று கொரிந்தியருக்கு எழுதிய நிருபத்தைக் காட்டி வாயடைப்பது. அதை எழுதிய பவுல்தான் நியாயம் கிடைக்காது என்று தெரிந்தபோது தன் வழக்கை ரோமப் பேரரசர்வரை கொண்டுபோனவர். இந்தக் கதையை முதியோர் ஐக்கியத்தில் யாரும் தியானத்துக்கு எடுத்து நான் கேட்டதில்லை.

2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டம் இதில் சபைக்கே ஒரு வேலை வைத்திருக்கிறது. தானே மனுப் போட முடியாத முதியவருக்காகப் பதிவு பெற்ற தன்னார்வச் சங்கம் மனுப் போடலாம் என்று 5-வது பிரிவும், பத்திர ரத்துக்கும் அப்படியே செய்யலாம் என்று 23-வது பிரிவும் சொல்கின்றன. உங்கள் முதியோர் ஐக்கியம் பதிவு செய்யப்பட்டதா என்று அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் கேளுங்கள். இல்லையென்றால் சங்கப் பதிவுக்கு ஏழு பேர் போதும், நடைமுறையை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சொல்வார்கள்.