கை மாறும் கைத்துப்பாக்கி

தபால் தலைகளையும் பழைய நாணயங்களையும் சேகரிப்போரை நாம் எங்கும் காண்கிறோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கைத்துப்பாக்கிகளைச் சேகரிப்போரும் ஏராளமாக இருக்கின்றனர். இந்தியாவில் 2019-ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டத்திற்குப் பின், சாதாரண உரிமம் பெற்ற ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ளலாகாது. அமெரிக்க மத்திய சட்டமோ எண்ணிக்கைக்கு அத்தகைய வரம்பு எதையும் விதிக்கவில்லை. ஆகவே வாங்குவதும், விற்பதும், விற்றதற்காக வருந்தி மறுபடி தேடுவதும் அந்நாட்டுச் சேகரிப்பாளரிடையே சகஜமாயிருக்கின்றன.

இதற்குத் தக்க உதாரணம் கோல்ட் கம்பெனியாரின் 'பைத்தான்' என்னும் ரிவால்வர். அது 1955-இல் வெளிவந்தபோது அதன் விலை 125 டாலர். ஆறு தோட்டாக்கள் கொள்ளும் சுழல் உருளை, கண்ணாடிபோல் மெருகேற்றிய நீல நிறம், கைதேர்ந்த தொழிலாளர் அரத்தால் இழைத்துப் பொருத்திய உள்ளுறுப்புக்கள் ஆகியவை அதன் பெருமைக்குக் காரணம். அத்தகைய கைவேலைக்குச் செலவு அதிகம். சாதாரண உற்பத்தி 1999-இல் நிறுத்தப்பட்டது. சில வருஷங்களில் தனிப்பட்ட ஆர்டர்களுக்குச் செய்வதும் நின்றது. அதன் பின்னர் பழைய பைத்தானின் விலை ஏறலாயிற்று. வீட்டுச் செலவுக்காகவோ, வேறொன்று வாங்கும் ஆசையாலோ முன்னரே விற்றுவிட்டவர்கள் ஏங்கியதில் வியப்பில்லை.

2020-இல் அக்கம்பெனியார் பைத்தானை மீண்டும் வெளியிட்டனர். விலை 1,499 டாலர். ஆனால் அதன் உள்ளமைப்பு புதிது, உறுப்புக்கள் குறைவு, பழைய கைவேலையின் இடத்தைப் பெரும்பாலும் நவீன யந்திரங்கள் ஏற்றுக்கொண்டன. உறுதியில் புதியதே மேல் என்று வாதிப்போரும் உளர். எனினும், பெயர் ஒன்றாயிருப்பதனால் பொருளும் ஒன்றாகிவிடாது. விற்றவர் தேடுவது அந்தப் பழைய துப்பாக்கியையே. கடையில் கிடைப்பது அதன் பெயரைத் தாங்கிய வேறொன்று.

இந்த ஏக்கத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆயினும் விற்றவருடைய நஷ்டத்தைவிட முக்கியமான விஷயம் ஒன்றுண்டு. தபால் தலை யார் கைக்குப் போனாலும் ஒருவருக்கும் தீங்கில்லை. கைத்துப்பாக்கி அப்படிப்பட்டதன்று. 1968-ஆம் வருஷத்துச் சட்டம் பெருங்குற்றவாளிகள் துப்பாக்கி வைத்திருப்பதைத் தடுக்கிறது. வியாபாரிகள் உரிமம் பெற்றுக் கணக்கு வைக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. வாங்குபவரின் பூர்வோத்தரத்தை வியாபாரி விசாரித்தே விற்க வேண்டுமென்பது 1993-ஆம் வருஷத்துப் பிரேடி சட்டத்தின் ஏற்பாடு. ஆனால் வியாபாரியல்லாத ஒருவர், தம் ராஜ்யத்தில் வசிக்கும் மற்றொருவருக்கு விற்கும்போது, இத்தகைய விசாரணையை மத்திய சட்டம் கட்டாயமாக்கவில்லை. வாங்குபவன் தடை செய்யப்பட்டவன் என்று தெரிந்திருந்தால், அல்லது அவ்வாறு கருதத் தக்க காரணம் இருந்தால், விற்பது குற்றம், அவ்வளவே. கலிபோர்னியா முதலிய சில ராஜ்யங்கள் தனிப்பட்ட விற்பனைக்கும் விசாரணையை விதித்துள்ளன. பல ராஜ்யங்கள் விதிக்கவில்லை.

சட்டம் வற்புறுத்தாத இடத்திலேதான் மனிதனின் யோக்கியதை விளங்குகிறது. முன்பின் அறியாதவனுக்கு விற்க நேர்ந்தால், உரிமம் பெற்ற வியாபாரியின் மூலம் விற்பவர் சிறிது கட்டணத்தை இழக்கலாம். ஆனால் தம் பொருள் விசாரணைக்குப் பின்னரே மற்றொருவர் கையை அடைந்தது என்ற ஆறுதலைப் பெறுகிறார். நல்ல விலை வந்ததென்று, ஒன்றும் கேளாமல் கொடுப்பவருக்கு அந்த ஆறுதலுக்கு இடமில்லை.

விற்ற துப்பாக்கியைப் பின்னொரு நாள் அதிக விலை கொடுத்தேனும் மீட்டுக்கொள்ளலாம். அது தகாதவன் கையில் இருந்த காலத்தில் நேர்ந்த உயிர்ச்சேதத்தை மீட்க வழியேது? சேகரிப்பாளர் வாங்கும்போது காட்டும் சிரத்தையை விற்கும்போதும் காட்டுவாராக. அந்தப் பொழுதுபோக்குக்கு ஜனங்களிடையே மதிப்பு நிலைக்க வேண்டுமாயின், அதற்கு வேறு மார்க்கமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.