“காற்று பிரிஞ்சுதா?” டாக்டர் ஏன் கேட்கிறார் தெரியுமா?

வயிற்றில் ஆபரேஷன் முடிந்த மறுநாள் ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் முதலில் கேட்பது, “காற்று பிரிஞ்சுதா? மோஷன் போனீங்களா?” பலர் கூச்சப்பட்டுத் தலையை மட்டும் ஆட்டிவிடுவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். உங்கள் குடல் வேலையைத் தொடங்கிவிட்டதா என்பதை அந்தப் பதில்தான் சொல்லும்.

குடல் ஏன் நிற்கிறது?

நாம் சாப்பிடும் உணவைக் குடல் அலை அலையாகச் சுருங்கி விரிந்து கீழே தள்ளுகிறது. எந்த அடைப்பும் இல்லாமலே இந்த அசைவு நின்றுபோவதுதான் ‘பாராலிடிக் இலியஸ்’. பைப்பில் அடைப்பு இல்லை, மோட்டார்தான் ஓடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

வயிற்று ஆபரேஷனுக்குப் பிறகு இது ஓரளவு இயல்பு. சிறுகுடல் ஒரு நாளுக்குள்ளும், இரைப்பை 1 முதல் 2 நாளிலும், பெருங்குடல் 2 முதல் 3 நாளிலும் பொதுவாக விழித்துக்கொள்ளும். அதைத் தாண்டியும் அசைவு வராவிட்டால் கவனிக்க வேண்டும். வயிற்றுக்குள் கிருமித் தொற்று, ரத்தத்தில் பொட்டாசியம் குறைவது, மார்ஃபின் போன்ற வலி மருந்துகள், முதுகெலும்பில் அடி ஆகியவையும் காரணமாகலாம்.

எப்படித் தெரியும்?

• வயிறு உப்பிக் கனமாக இருப்பது
• காற்றும் மலமும் பிரியாமல் இருப்பது
• குமட்டல், வாந்தி, பசியின்மை

ஸ்டெதாஸ்கோப்பில் குடல் சத்தம் குறைந்திருக்கும் அல்லது கேட்கவே கேட்காது. நிஜமான அடைப்பு இல்லை என்பதை எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன் மூலம் டாக்டர் உறுதி செய்வார்.

சிகிச்சை என்ன?

குடலுக்கு ஓய்வு கொடுப்பதுதான் முதல் மருந்து. வாய்வழி உணவை நிறுத்தி, டிரிப்ஸ் ஏற்றுவார்கள். வாந்தி அதிகமானால் மூக்கு வழியாக டியூப் போட்டு, தேங்கிய நீரை வெளியேற்றுவார்கள். பார்க்கப் பயமாக இருந்தாலும், வயிற்று உப்பலைக் குறைப்பது அதுதான். பொட்டாசியம் குறைவு, தொற்று போன்ற மூல காரணத்தையும் சரிசெய்வார்கள். டாக்டர் அனுமதித்ததும் மெல்ல எழுந்து நடங்கள். பெரும்பாலானோருக்குச் சில நாட்களில் சரியாகிவிடும்.

கூட இருப்பவர்கள் கவனத்துக்கு

“பாவம், பட்டினியா கிடக்கிறாரே” என்று யாருக்கும் தெரியாமல் காபியோ இட்லியோ கொடுத்துவிடாதீர்கள். சோடா, விளக்கெண்ணெய், பேதி மாத்திரை எதுவும் வேண்டாம். அசையாத குடலில் அவை தேங்கும். வாந்தி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

நோயாளி எடுத்துக்கொள்ளும் மாத்திரைகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் போனில் படமெடுத்து வைத்திருங்கள். கடைசியாகக் காற்று பிரிந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அது பெரிய உதவி.

வீட்டுக்கு வந்த பிறகு வயிறு கல்லாக இறுகுவது, தாங்க முடியாத வலி, காய்ச்சல், பச்சை நிற வாந்தி, மயக்கம் இவற்றில் எது வந்தாலும் காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். மற்ற சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது.

அடுத்த முறை டாக்டர் கேட்டால், கூச்சம் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்!