மடுவுக்கு நடக்குமுன் முடிக்கவேண்டிய பயணம்



ஆடி மாதம் நடுப்பகுதியை எட்டியதும் வடமராட்சியின் கத்தோலிக்க இல்லங்களில் ஒரு கேள்வி எழத் தொடங்கிவிடும். "இம்முறை மடுவுக்கு எப்படிப் போவது?" சிலர் பேருந்தில் செல்வர். சிலர் வான் ஒன்றை ஒழுங்கு செய்து குடும்பத்தோடு செல்வர். வேறு சிலரோ, "நான் நடந்தே போகப் போகிறேன்" என்று மெதுவாக ஆனால் உறுதியாகச் சொல்வர். பருத்தித்துறையிலிருந்து நாவற்குழி, சங்குப்பிட்டி, பூநகரி வழியாக மன்னார் வீதியைப் பிடித்தால் மருதமடு அன்னையின் திருத்தலம் ஏறத்தாழ 150 கிலோமீற்றர் தொலைவில் இருக்கிறது. கொடிகாமத்தில் ஏ9 வீதியில் ஏறி ஆனையிறவு, கிளிநொச்சி, வவுனியா வழியாகச் செல்வோருக்கு வழி இன்னும் நீளும். நாளொன்றுக்கு இருபது கிலோமீற்றர் நடப்பவருக்கு இது ஒரு வாரத்துக்கும் மேற்பட்ட பயணம்.

ஆகஸ்ட் 15ஆம் திகதி ஆவணித் திருவிழாவை மனத்திற் கொண்டு நடக்க எண்ணியிருக்கும் உங்களுக்காகவும், நடப்பவரை வழியனுப்பி வைக்கும் உங்களுக்காகவும் இவ்வாரச் சிந்தனை எழுதப்படுகிறது.

அன்னையும் நடந்தவரே

மடுத் திருத்தலத்தின் ஆடித் திருவிழா ஜூலை 2ஆம் திகதி கொண்டாடப்படுவதை நாம் அறிவோம். அந்தத் திகதிக்கு ஒரு பொருள் உண்டு. 1969ஆம் ஆண்டு திருவழிபாட்டு நாட்காட்டி திருத்தியமைக்கப்படும்வரை, மரியாள் எலிசபெத்தைச் சந்தித்த விழா உலகத் திருச்சபையெங்கும் ஜூலை 2ஆம் திகதியே நினைவுகூரப்பட்டது. பின்னர் அவ்விழா மே 31ஆம் திகதிக்கு மாற்றப்பட்டாலும், மடுவில் பழைய நாள் நிலைத்துவிட்டது. 1924ஆம் ஆண்டு அன்னையின் திருவுருவத்துக்கு முடிசூட்டப்பட்டதும் இதே ஜூலை 2ஆம் திகதியிலேயாகும்.

வானதூதரின் செய்தியைப் பெற்ற இளம்பெண் ஒருத்தி, முதிர்ந்த வயதில் கருவுற்றிருந்த உறவினருக்கு உதவ மலைநாட்டை நோக்கி விரைந்து சென்றதையே அந்த விழா நினைவுபடுத்துகிறது. ஆகவே, மடுவை நோக்கி நடப்பவர் அன்னையிடம் செல்பவர் மட்டுமல்லர். அன்னை நடந்த விதமாகவே நடக்க அழைக்கப்பட்டவர். அவர் சென்றது தமக்கு எதையும் கேட்டுப் பெறுவதற்காக அன்று, இன்னொருவருக்குப் பணிபுரிவதற்காகவே. நாம் எதற்காக நடக்கிறோம் என்ற கேள்வியை முதலில் நம்மிடமே கேட்டுக்கொள்ள இந்த ஒரு நிகழ்வு போதும்.

நம் முன்னோர் நடந்த வழி

பருத்தித்துறைச் சந்தையருகே நின்ற ஒரு புளியமரத்தின் கீழ் ஒல்லாந்தப் போதகர் பால்தேயுஸ் பிரசங்கம் செய்தார் என்ற செய்தியை நம் ஊரவர் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1658ஆம் ஆண்டு போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தனர். குருக்களுக்கு அடைக்கலம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று அறிவித்தனர். ஆலயங்கள் அவர்களது சபையின் வசமாயின.

அக்காலத்தில்தான் மாந்தையில் வாழ்ந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தங்கள் ஆலயத்திலிருந்த அன்னையின் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றதாகவும், 1670ஆம் ஆண்டளவில் மருதமடுவில் அதை நிறுவியதாகவும் திருத்தல மரபு கூறுகிறது. யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து வன்னிக்குப் பெயர்ந்த எழுநூறு பேர் அளவிலான மக்களும் அங்கே அவர்களோடு சேர்ந்துகொண்டனர். மடுவுக்கு முதன்முதலில் நடந்தவர்கள் திருவிழாவுக்குச் சென்றவர்கள் அல்லர்; விசுவாசத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஓடியவர்கள்.

மேய்ப்பரின்றித் தவித்த அந்த மக்களைத் தேடி 1687ஆம் ஆண்டு கோவாவிலிருந்து ஒரு குருவானவர் வந்தார். கூலியாள் வேடம், வெறுங்கால்கள், கழுத்தில் ஒரு செபமாலை. வீடு வீடாகப் பிச்சை கேட்கும்போது, அந்தச் செபமாலையைக் கண்டு எவருடைய முகம் மாறுகிறதென்று பார்த்து அவர் கத்தோலிக்கரை இனங்கண்டார். வந்த புதிதிலேயே வயிற்றுளைவு நோயால் சாவின் விளிம்புவரை சென்று மீண்டார். சில்லாலை மக்கள் அவருக்கு அடைக்கலம் கொடுத்தனர். அவரே புனித யோசப் வாஸ். 1711ஆம் ஆண்டு கண்டியில் இறக்கும்வரை அவருடைய பணி பெரும்பாலும் கால்நடையாகவே நடந்தது. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்த திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்குச் சென்று மன்றாடினார்.

நம் தலைமுறையினருக்கும் அந்த வழி அந்நியமானதன்று. போர்க்காலத்தில் ஆயிரக்கணக்கானோர் மடு வளாகத்தில் அடைக்கலம் புகுந்தனர். 1999ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அங்கே எறிகணைகள் வீழ்ந்து, தஞ்சமடைந்திருந்தோர் பலர் உயிரிழந்தனர். 2008ஆம் ஆண்டு ஏப்பிரலில் திருவுருவமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர நேர்ந்தது. ஆகஸ்டில்தான் அது திரும்பி வந்தது. ஏ9 வீதி மூடப்பட்டிருந்த ஆண்டுகளில், மடுவுக்குப் போகவேண்டும் என்ற ஆசையோடே கண்மூடிய முதியோர் நம் பங்குகளில் எத்தனை பேர்! இன்று அவ்வீதியில் தடையின்றி ஓர் அடி எடுத்து வைக்கும்போது, அந்த அடி அவர்களுக்காகவும் வைக்கப்படுகிறது என்பதை மறவாதிருங்கள்.

முதல் அடி அயலவர் வாசலுக்கே

காணிக்கை செலுத்த வந்த இடத்தில், சகோதரனுக்கு நம்மீது மனத்தாங்கல் உண்டென்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு உறவைச் சரிசெய்யுமாறு ஆண்டவர் கற்பித்தார். காணிக்கை பத்து ரூபா மெழுகுதிரியானாலும் 150 கிலோமீற்றர் நடையானாலும் இந்தக் கட்டளை ஒன்றுதான்.

மடுவுக்குச் செல்லும் வழி நெடுந்தூரம். எல்லைவேலிப் பிணக்கினால் பேச்சற்றுப்போன அண்ணன் தம்பி வீட்டுக்குச் செல்லும் வழியோ ஓர் ஒழுங்கைதான். ஆயினும் நம்மிற் பலருக்கு நெடுந்தூரமே எளிதாக இருக்கிறது! கால் வலியைத் தாங்கிக்கொள்ளும் மனம், "பிழை என்னுடையதுதான்" என்ற ஒரு சொல்லைச் சொல்லக் கூசுகிறது. புறப்படுமுன் அந்தச் சிறிய பயணத்தை முடியுங்கள். வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுங்கள். முடியாவிட்டால் தவணை கேட்டுச் சொல்லிவிட்டாவது செல்லுங்கள். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பெறுங்கள். பங்குத்தந்தையின் ஆசீரைப் பெற்று, திருப்பலியிலிருந்து புறப்படுங்கள்.

நேர்த்தியைக் குறித்து ஒரு சொல்

நடப்போரிற் பலர் நேர்த்திக்கடனுக்காகவே நடக்கின்றனர். பிள்ளை சுகமடைந்தால், கணவர் விடுதலையானால், மகள் வெளிநாட்டில் நலமாகச் சேர்ந்தால் நடந்து வருவேன் என்று அன்னையிடம் சொல்லியிருப்பார்கள். நன்றியோடு அதை நிறைவேற்றுவது அழகானது. ஆனால் நேர்த்தி சிலரது வாழ்வில் அச்சமாக மாறிவிடுவதையும் காண்கிறோம். முழங்கால் தேய்ந்த தாயார், "நடக்காவிட்டால் மாதா தண்டிப்பாவோ?" என்று இரவில் உறங்காதிருக்கிறார். இன்னொரு தாயார், தம் மகனுக்காகத் தாம் செய்த நேர்த்தியை அவன் நிறைவேற்ற மறுக்கிறான் என்று அழுகிறார்.

இவர்களுக்குத் திருச்சபை என்ன கூறுகிறது? 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு நேர்த்தியைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. கடவுளுக்குச் சுதந்திரமாகவும் சிந்தித்தும் கொடுக்கப்படும் வாக்குறுதியே நேர்த்தி. அது செய்யக்கூடியதாகவும் நன்மையானதாகவும் இருக்கவேண்டும் (இல. 1191). அது தன்னியல்பில், செய்தவரை மட்டுமே கட்டுப்படுத்தும் (இல. 1193). எனவே தாயின் நேர்த்தி மகன்மீது கடனாக ஏறாது. அவன் அன்பினால் நடந்தால் அது அவனுடைய கொடை. நியாயமான காரணம் இருப்பின், பிறர் உரிமைக்குப் பாதகமில்லாதபோது, தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து பங்குத்தந்தை விலக்களிக்கலாம் (இல. 1196). அதற்கு ஈடான அல்லது அதைவிட மேலான நற்செயலாக அதை மாற்றிக்கொள்ள, நேர்த்தி செய்தவருக்கே உரிமை உண்டு (இல. 1197).

ஆகவே முழங்கால் தேய்ந்த அம்மா, நீங்கள் அஞ்சவேண்டாம். பங்குத்தந்தையிடம் சென்று மனந்திறந்து பேசுங்கள். படுக்கையில் கிடக்கும் அயலவருக்கு நாள்தோறும் ஒரு வேளை உணவு கொடுத்தும் அந்த நடையை நீங்கள் நிறைவேற்றலாம். நம் அன்னை கடன் அறவிட வருபவர் அல்லர்; கானாவூரில் குறையைக் கண்டு நிரப்பக் கேட்டவர்.

உடலும் கடவுளின் கொடையே

ஆன்ம ஆயத்தத்தோடு உடல் ஆயத்தமும் வேண்டும். "மாதா பார்த்துக்கொள்வா" என்று சொல்லி எந்த முன்னேற்பாடுமின்றிப் புறப்படுவது விசுவாசம் ஆகாது. கோபுர உச்சியிலிருந்து குதிக்கும்படி சோதிக்கப்பட்டபோது ஆண்டவர் அதை மறுத்தார் அல்லவா?

குறைந்தது ஆறு வாரங்களுக்கு முன்பே நடக்கத் தொடங்குங்கள். முதலில் வெளிச்சவீட்டுப் பக்கமாகக் கடற்கரை வீதியில் மூன்று நான்கு கிலோமீற்றர். பின்னர் நெல்லியடி வரை சென்று திரும்புதல். இறுதி வாரங்களில் ஒரே நாளில் பதினைந்து கிலோமீற்றர். புறப்படும் நாளில் புதுச் சப்பாத்து அணியாதீர்கள். பழகிய பாதணியே கால்களைக் காக்கும். கொப்புளம் தோன்றுமுன் தோல் எரியத் தொடங்கும். அப்போதே நின்று காலை உலர்த்தி மூடிக்கட்டுங்கள்.

ஆகஸ்ட் மாத வன்னி வெயில் கொடியது. விடியுமுன் புறப்பட்டு, ஒன்பது மணியளவில் நிழலில் தங்கி, மாலை நான்கு மணிக்குப் பின் மீண்டும் நடப்பதே நலம். தாகம் எடுக்குமுன் நீர் அருந்துங்கள். வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால் ஜீவனிக் கரைசலையோ, உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீரையோ இடையிடையே பருகுங்கள். தலைசுற்று, வாந்தி, தடுமாற்றம் ஏற்பட்டால் அதை ஒறுத்தல் என்று எண்ணித் தொடர்ந்து நடக்கவேண்டாம். நிழலில் படுத்து உடலைக் குளிர்வித்து மருத்துவ உதவி பெறுங்கள். நீரிழிவு உள்ளோர் வெறுங்காலுடன் நடப்பது ஆபத்தானது. உணர்ச்சி குறைந்த பாதத்தில் ஏற்படும் சிறு காயமும் காலையே இழக்கச் செய்யலாம். மருத்துவரின் அனுமதியையும் மருந்துகளையும் கிளினிக் கொப்பியையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள்.

இருளில் நடக்கும்போது வெளிர்நிற உடையும் ரோச் விளக்கும் அவசியம். எதிரே வரும் வாகனம் கண்ணுக்குத் தெரியும்படி வீதியின் வலது ஓரமாக ஒருவர் பின் ஒருவராய் நடவுங்கள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் எத்தேவைக்காகவும் வீதியை விட்டு இறங்காதீர்கள். பாம்பு தீண்டினால் முதலில் செல்லவேண்டிய இடம் வைத்தியசாலை. மடு மண்ணின்மீது நாம் கொண்ட பக்தி வைத்தியத்துக்குத் தடையாகக் கூடாது. பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசுவே யாத்திரைக் கூட்டத்தில் பெற்றோரின் கண்ணுக்கு மறைந்தார்; எனவே பிள்ளைகளின் சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும் எழுதி வையுங்கள்.

வழியில் உள்ளோரும் வீட்டில் உள்ளோரும்

நம் அயலிலுள்ள தொண்டைமானாறு செல்வச் சந்நிதியிலிருந்து இந்துச் சகோதரர்கள் கதிர்காமத்துக்கு வாரக்கணக்கில் நடந்து செல்வதை நாம் கண்டிருக்கிறோம். வழியெங்கும் மக்கள் அவர்களுக்கு உணவும் தங்குமிடமும் அளிக்கின்றனர். மடுவிலும் தமிழரும் சிங்களவரும், கத்தோலிக்கரும் பிற சமயத்தவரும் ஒரே மரநிழலில் சமைத்து உண்கின்றனர். மோர் தருபவரின் சமயத்தைக் கேளாமல் நன்றியோடு வாங்கிப் பருகுங்கள். உண்ட இடத்தில் குப்பையை விட்டுச் செல்லாதிருப்பதும் ஒரு செபமே.

நோயாளரைப் பராமரிப்பதற்காகவும், கடலுக்குச் செல்லவேண்டியிருப்பதாலும் வீட்டிலேயே தங்குபவர்களே, உங்களையும் அன்னை அறிவார். நடப்பவரிடம் உங்கள் கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். அவர்கள் நடக்கும் நாள்களில் மாலைதோறும் குடும்பமாகச் செபமாலை சொல்லுங்கள். காணாமற்போன பிள்ளையின் படத்தை இன்னும் மேசைமேல் வைத்திருக்கும் தாய் ஒருவர் உங்கள் ஒழுங்கையில் இருந்தால், அவரது வீட்டிலிருந்தே அந்தச் செபத்தைத் தொடங்குங்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருச்சபையைப் பயணம் செய்யும் மக்களாகவே நமக்குக் காட்டியது. மடுவில் முடிவது அப்பயணத்தின் ஒரு பகுதிதான். திருவிழா முடிந்து பேருந்தில் திரும்பி, பருத்தித்துறையில் இறங்கி, நம் வீட்டுப் படலையைத் திறக்கும் அந்தக் கணத்திலிருந்து நம் வீட்டாரும் அயலவரும் நம்மில் எதைக் காண்கிறார்கள் என்பதே நாம் உண்மையில் மடுவுக்குச் சென்று வந்தோமா என்பதைச் சொல்லும்.

மருதமடு அன்னையே, நடப்போரின் கால்களுக்கு வலுவையும், தங்கியிருப்போரின் உள்ளத்துக்கு ஆறுதலையும், பிரிந்திருப்போருக்கு ஒப்புரவையும் உம் திருமகனிடமிருந்து பெற்றுத் தந்தருளும். ஆமென்.