உஷார்! இறங்கும்போது கியர் விழவில்லை என்றால்…

தொடர் விடுமுறை வந்துவிட்டால் போதும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும், ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 வளைவுகளிலும், ஏற்காட்டின் 20 வளைவுகளிலும் கார்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அந்த வரிசையில் புது லைசென்ஸ்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். புது கார், பின்சீட்டில் அப்பா அம்மா, மடியில் குழந்தை. மலை ஓட்டம் அதுதான் முதல் தடவை.

அவர்கள் ஏறுவதைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. ஏற்றத்தில் கியர் தப்பினால் இன்ஜின் அணையும், பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்கும், பின்னால் வருகிறவர் ஹாரன் அடிப்பார். கொஞ்சம் வெட்கம், கொஞ்சம் வியர்வை, அதோடு போயிற்று. இறங்கும்போது கியர் தப்பினால் வண்டி நிற்காது. வேகம் எடுக்கும். இந்த வித்தியாசம் தெரியாமலேயே பலர் மலையேறுகிறார்கள் என்பதுதான் என்னைப் பதற வைக்கிறது.

கியரை ஏற்றத் தெரிந்தால் கார் ஓட்டத் தெரிந்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஒன்று, இரண்டு, மூன்று என்று ஏற்றிக்கொண்டே போவதைத்தான் டிரைவிங் ஸ்கூலிலும் சொல்லித் தருகிறார்கள். இறக்குவது? சிக்னல் வந்தால் கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதி, நின்றதும் நியூட்ரலுக்கு வா, மறுபடி ஃபர்ஸ்ட் போடு. நான்கிலிருந்து மூன்றுக்கு, மூன்றிலிருந்து இரண்டுக்கு, ஓடுகிற வண்டியில் குலுங்காமல் இறக்கும் வித்தையை ஒரு நாள்கூடப் பழகாமல் பயிற்சி முடிந்துவிடுகிறது. போதாததற்கு, பயிற்சிக் காரில் சொல்லித் தருபவர் பக்கமும் கிளட்ச், பிரேக் உண்டு. வண்டி குலுங்கப் போகிறது என்று தெரிந்ததும் அவர் தன் பக்கத்துக் கிளட்ச்சை மெல்ல மிதித்துவிடுவார். நமக்குத்தான் கை வந்துவிட்டது என்று நாம் நம்பிக்கொண்டு வீடு திரும்புவோம்.

இத்தனைக்கும் சட்டத்தில் குறை இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ஐப் பாருங்கள். ஓட்டுநர் தேர்வில் எதையெல்லாம் செய்து காட்ட வேண்டும் என்று அதன் 15-வது விதி பட்டியல் போடுகிறது. சரிவில் இறங்கும்போது விரைவாகக் குறைந்த கியருக்கு மாற்றிக் காட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஆனால் மைதானம் போல் தட்டையாக இருக்கும் இடத்தில் எட்டு போட்டு, ரிவர்ஸ் எடுத்து லைசென்ஸ் வாங்குகிறவர் சரிவுக்கு எங்கே போவார்? அவர் முதன்முதலாகப் பார்க்கும் சரிவு மலைப் பாதையாகவே இருந்துவிடுகிறது.

அங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வண்டி மூன்றாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குகிறது. வளைவு வருகிறது. கிளட்ச்சை மிதித்து இரண்டாவதுக்கு இழுக்கிறார். பயத்தில் கை அவசரப்படுகிறது, கால் கிளட்ச்சைப் பாதிதான் அழுத்தியிருக்கிறது. 'கர்ர்ர்' என்று பல் உரசும் சத்தம். லீவர் நடுவிலேயே நிற்கிறது. கண் சாலையை விட்டு லீவரைப் பார்க்கிறது. இந்தத் தடுமாற்றம் மூன்று வினாடி நீடித்தால் போதும், 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி 33 மீட்டர் தாண்டியிருக்கும். நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் இறங்கும் சரிவாக இருந்தால், கியரில் இல்லாத வண்டிக்கு ஒவ்வொரு வினாடியும் ஏறக்குறைய 3 கிலோமீட்டர் வேகம் கூடிக்கொண்டே போகும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் 33 மீட்டர் என்பது பெரிய தூரம்.

தெரியாமல் தப்பும் கியர் ஒரு பக்கம். தெரிந்தே நியூட்ரலில் போட்டு இறக்குகிறவர்கள் இன்னொரு பக்கம். பெட்ரோல் மிச்சமாகுமாம்! கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை இது. இன்றைய இன்ஜெக்‌ஷன் கார்களில் கணக்கு நேர் தலைகீழ். வண்டி கியரில் இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், கம்ப்யூட்டர் எரிபொருள் தெளிப்பதையே நிறுத்திவிடும். சக்கரங்கள்தான் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். நியூட்ரலில் போட்டீர்களானால், இன்ஜின் அணையாமலிருக்க அதற்கு எரிபொருள் ஊட்டியே ஆகவேண்டும். மிச்சமும் இல்லை, வண்டியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த இன்ஜினின் பிடியும் போய்விடுகிறது. ஒரு டன் எடையுள்ள வண்டியையும் அதில் இருக்கும் ஐந்து பேரையும் தாங்கும் பாரம் முழுவதும் பிரேக் மேல் விழுகிறது.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சாவியையே அணைத்துவிட்டு இறக்குகிறவர்களும் உண்டு. தயவுசெய்து, தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். பிரேக் பெடல் லேசாக இருப்பதற்குக் காரணம் பூஸ்டர். அதற்குச் சக்தி தருவது ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின். இன்ஜின் அணைந்தால் இரண்டு மூன்று மிதிக்குத்தான் அதில் மிச்சம் இருக்கும். அதற்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துப்போகும்.

கொல்லிமலையில் பாதி இறங்கிய ஒரு வளைவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஓரமாக ஒரு கார். முன்சக்கரங்களிலிருந்து வெள்ளைப் புகை. ரப்பர் கருகியது போன்ற நாற்றம் பத்தடி தள்ளியே மூக்கைத் துளைத்தது. வீல் தோசைக்கல்லாகக் காய்ந்திருந்தது. ஓட்டி வந்த இளைஞர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து சக்கரத்தில் ஊற்றப் போனார். மேலே ஏறிக்கொண்டிருந்த பிக்கப் வண்டிக்காரர், வயதில் பெரியவர், வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்.

"தம்பி, தண்ணி ஊத்தாதீங்க! டிஸ்க் விரிசல் உட்ரும். அப்படியே ஆறட்டும். எந்த கியர்ல வந்தீங்க?"

"நியூட்ரல்லதாங்கண்ணா… பிரேக்க புடிச்சு புடிச்சுதான் வந்தேன்."

"அதான் பிரேக்கு வெந்து போச்சுங்க. அரை மணி நேரம் நின்னுட்டு, ரெண்டாவது கியர்ல எறக்குங்க. பிரேக்குல கால வெச்சுட்டே வராதீங்க. கொழந்தைய வெச்சிருக்கீங்க, பாத்துப் போங்க."

பின்சீட்டில் இருந்த பெண்மணிக்கு அதுவரை எதுவும் தெரியவில்லை. குழந்தைக்கு வாந்தி வருகிறது என்று நிறுத்தியதாகத்தான் நினைத்திருந்தார். வாந்தி வந்தது நல்லதாகப் போயிற்று.

பிரேக் வெந்து போவது என்றால் என்ன? பேடும் டிஸ்க்கும் உரசும் சூடு ஓர் அளவைத் தாண்டினால் பேடுக்குப் பிடிமானம் குறைகிறது. அதைவிட மோசமானது பிரேக் ஆயிலுக்கு நேர்வது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிக்க 205 டிகிரியாவது வேண்டும். ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. ஈரம் ஏறிய பிறகு கொதிநிலை 140 டிகிரி வரை இறங்கலாம். டாட் 4 என்றால் 230, ஈரம் ஏறியபின் 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். குமிழ் அமுங்கும், அழுத்தம் சக்கரத்துக்குப் போய்ச் சேராது. பெடல் பஞ்சு மாதிரி தரைவரை இறங்கும், வண்டியோ போய்க்கொண்டே இருக்கும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று மலைப் பாதை விபத்துச் செய்திகளில் படிக்கும்போது, பிரேக் மேல் மட்டும் பழி போடாமல் அந்த வண்டி எந்த கியரில் வந்தது என்றும் கேளுங்கள்.

இனி, குலுங்காமல் கியரை இறக்குவது. இதற்கு விலாவாரியாக இடம் கொடுக்கிறேன், ஏனென்றால் உயிர் இங்கேதான் இருக்கிறது.

முதல் பாடம்: கியரை இறக்க வேண்டிய இடம் வளைவு அல்ல, வளைவுக்கு முந்தைய நேர் சாலை. வளைவுக்குள் ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டே கியரைத் தேடக் கூடாது. முதலில் பிரேக்கால் வேகத்தைக் குறையுங்கள், 30-க்கு வரட்டும். பிறகு கிளட்ச்சைத் தரைவரை மிதியுங்கள். பாதி மிதித்தால் பல் உரசும். லீவரை முறுக்கிப் பிடிக்காமல், உள்ளங்கையைத் திறந்து அதன் மேல் வைத்து மெல்ல இழுத்து நியூட்ரலுக்கு வாருங்கள். பெரும்பாலான கார்களில் அங்கே லீவர் தானாகவே மூன்று–நான்கின் வரிசைக்கு வந்து நிற்கும், அதற்கான ஸ்பிரிங் உள்ளே இருக்கிறது. ஐந்திலிருந்து நான்குக்கு வருகிறவர்கள் இதை மறக்கவே கூடாது. ஐந்திலிருந்து இழுத்த வேகத்தில் கை இடப்பக்கம் சாய்ந்துவிட்டால் நான்குக்குப் பதில் இரண்டு விழும். நெடுஞ்சாலை வேகத்தில் அப்படி விழுந்து கிளட்ச்சையும் விட்டால், இன்ஜின் தாங்கமுடியாத வேகத்தில் சுழன்று நொறுங்கிப்போகலாம்.

அடுத்தது, யாரும் சொல்லித் தராத இடம். சிறிய கார் ஒன்று 30 கிலோமீட்டர் வேகத்தில் மூன்றாவது கியரில் போகும்போது, இன்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 1,400 சுற்று சுற்றும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் இரண்டாவது கியர் என்றால் அது 2,100 சுற்றாவது சுற்ற வேண்டும். கிளட்ச்சை மிதித்திருக்கும் நேரத்தில் இன்ஜின் 900-க்கு இறங்கியிருக்கும். நீங்கள் கிளட்ச்சைப் பட்டென்று விட்டால் அந்த இடைவெளியை யார் நிரப்புவது? சக்கரங்கள்தான் இழுத்து நிரப்ப வேண்டும். நாம் 'குலுக்கல்' என்று சொல்வது இதைத்தான். காய்ந்த சாலையில் அது வெறும் குலுக்கல், தலை முன்னும் பின்னும் ஆடும். மழை பெய்து, இலைகள் ஒட்டிக்கிடக்கும் மலைச் சாலையில் முன்சக்கரங்கள் ஒரு நொடி பிடிமானம் இழந்து வழுக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

இதைத் தவிர்க்க, கிளட்ச்சை விடுவதற்கு முன் ஆக்சிலரேட்டரை லேசாக ஒரு தட்டுத் தட்டுங்கள். இன்ஜின் சத்தம் சற்று உயரும். அந்த உயரத்திலேயே கிளட்ச்சை மெல்ல மேலே விடுங்கள், பிடிக்கும் இடத்தில் ஒரு கணம் காலை நிறுத்தி, பிறகு முழுதாக எடுங்கள். சரியாகச் செய்தால் பின்சீட்டில் தூங்குகிறவர் விழிக்க மாட்டார். சரிவில் இப்படித் தட்டுவதற்கு வலது காலை பிரேக்கிலிருந்து எடுத்தாக வேண்டும். அந்த ஒரு நொடியில் வண்டி ஓடத்தான் செய்யும். அதனால்தான் முதலிலேயே வேகத்தைத் தேவைக்கும் குறைவாக இறக்கிக்கொள்ளச் சொல்கிறேன். இந்தத் தட்டு கைவராதவர்கள், பிரேக்கில் காலை வைத்தபடியே கிளட்ச்சை மட்டும் மிக நிதானமாக விடலாம். கிளட்ச் கொஞ்சம் தேயும். தேய்ந்துவிட்டுப் போகட்டும்.

கியர் விழ மறுத்தால் பலம் கொண்டு குத்தாதீர்கள். பற்களை ஒத்த வேகத்துக்குக் கொண்டுவரும் வளையங்கள் உள்ளே இருக்கின்றன, அவற்றுக்கு அரை நொடி அவகாசம் வேண்டும். லீவரை வாசலில் வைத்து மெல்ல அழுத்திக்கொண்டிருங்கள், விழும். அப்படியும் விழாவிட்டால் லாரிக்காரர்களின் டபுள் கிளட்ச் இருக்கிறது: நியூட்ரலுக்கு வந்து கிளட்ச்சை விட்டு, ஆக்சிலரேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்ச் மிதித்துப் போடுங்கள். எது செய்தாலும் கண் சாலையில் இருக்கட்டும்.

எந்த கியரில் இறங்குவது? 'ஏறின கியர்லயே எறங்கு' என்பது பழைய டிரைவர்களின் சொல். இன்றைய கார்கள் மூன்றிலேயே ஏறிவிடுகின்றன, அதை நம்பி மூன்றிலேயே இறங்கினால் பிடி போதாமல் போகலாம். பிரேக்கை அடிக்கடி தொட வேண்டியிருந்தால் கியர் அதிகம் என்று அர்த்தம், இன்னொன்று குறையுங்கள். இன்ஜின் உறுமுவதைக் கேட்டுப் பயப்படாதீர்கள். ஆர்.பி.எம். முள் சிவப்புக் கோட்டுக்குப் போகாதவரை அந்த உறுமலால் கெடுதல் இல்லை. ஆட்டோமேட்டிக், ஏ.எம்.டி. வைத்திருப்பவர்களும் டி-யிலேயே விட்டுவிடாமல் மேனுவல் அல்லது எல்-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

நகரத்தில் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. டிராஃபிக்கில் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு, மேம்பால ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் அரைக் கிளட்ச்சிலேயே வண்டியை நிறுத்தி வைத்துப் பழகியவர்களின் கிளட்ச் பிளேட் சீக்கிரம் தேய்ந்துவிடும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வேகம் ஏறவில்லை என்றால் பிளேட் வழுக்குகிறது. அந்த வண்டியோடு மலைக்குப் போகாதீர்கள். கிளட்ச் வழுக்கினால் இன்ஜினின் பிடி சக்கரத்துக்கு வந்து சேராது. பிரேக் ஆயில் மாற்றி இரண்டு வருடம் ஆகியிருந்தால் கிளம்பும் முன் அதையும் மாற்றிவிடுங்கள்.

எல்லாம் மீறி, பெடல் தரைக்குப் போய்விட்டதா? இன்ஜினை அணைக்காதீர்கள். பெடலை விட்டு விட்டு வேகமாகக் குத்துங்கள், அழுத்தம் கொஞ்சம் திரும்பலாம். நான்கில் இருந்தால் மூன்று, பிறகு இரண்டு என்று ஒவ்வொன்றாக இறக்குங்கள். நேராக ஒன்றுக்குத் தாவினால் விழாது, நியூட்ரலில் மாட்டிக்கொள்வீர்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி சுழலும், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஹாரனும் ஹசார்டு விளக்கும் போய்க்கொண்டே இருக்கட்டும். அப்படியும் நிற்காவிட்டால் பள்ளத்தின் பக்கம் போகாமல், மலைச்சுவரின் பக்கம் வண்டியை உரசவிடுங்கள். காரின் தகடு போனால் போகட்டும்.

பயிற்சியில் சேர்ந்திருப்பவர்கள் கடைசி வகுப்புக்குள் இதை வாய்விட்டுக் கேளுங்கள்: "கியரை இறக்க மட்டும் ஒரு முழு வகுப்பு வேண்டும், உங்கள் பக்கத்துக் கிளட்ச்சைத் தொடாதீர்கள்." காசு கொடுத்துத்தானே படிக்கிறீர்கள். ஏற்கெனவே லைசென்ஸ் வாங்கியவர்கள், ஞாயிறு விடியற்காலை ஆளில்லாத ஒரு மேம்பாலத்தில், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இறங்கும் சரிவில் மூன்றிலிருந்து இரண்டுக்குப் பழகுங்கள். பக்கத்தில் இருப்பவரின் தலை ஆடாமல் அடுத்தடுத்து இறக்க வந்த பிறகு மலைக்குத் தேதி குறியுங்கள். அதுவரை பஸ் இருக்கிறது.